இரும்புக்குச் சொந்தக்காரர்

கொத்தனாரின் இடது தொடைக்குள் இருந்த இரும்புத் துண்டு இருபத்தாறு வருஷம் வாய் திறக்காமல் கிடந்தது. பாலத்தடியில் குண்டு வெடித்த அன்று உள்ளே போனது. "அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ பாட்டுக்கு இரு" என்று அன்றைக்கு இருந்த படை டாக்டர் தையல் போட்டு அனுப்பிவிட்டார். அதன்படியே இரண்டு பேரும், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி, காலத்தை ஓட்டினார்கள். கொத்தனார் படையை விட்டு வந்து மறுபடியும் கரண்டி பிடித்தார், ஊரில் பாதி சுவரை எழுப்பினார், மகளைக் கட்டிக் கொடுத்தார். அவர் சாரத்தில் ஏறியபோதெல்லாம் இரும்பும் கூடவே ஏறி இறங்கியது.

இந்த வருஷம்தான் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளுக்குள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டது.

முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதோ பாருங்க, இது ரத்தக் குழாய். இது உங்க இரும்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அரிசி அகலம்தான் இடம் இருக்கு. ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்துடணும். இல்லன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

"எடுத்துடுங்கம்மா. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"எனக்கென்ன, இன்னைக்கே எடுப்பேன். ஆனா போர்க்காய வார்டுல படுக்கை வேணும்னா உங்க பணிப்பதிவேட்டுல காயப் பதக்கம் ஏறியிருக்கணும். ஏறலையே."

"பதக்கம் வீட்ல பிஸ்கட் டப்பாவுல இருக்கும்மா. பாலத்துல நின்னதுக்கு ஒண்ணு, காயம் பட்டதுக்கு ஒண்ணு."

"டப்பாவுல இருந்து பிரயோஜனம் இல்ல. பதிவேட்டுல இருக்கணும். இல்லன்னா இதை நான் 'வீட்டு உபயோகத்தின்போது உடம்பில் புகுந்த பொருள்'னு எழுதணும். அது பொது வார்டு. அங்க வரிசை பதினாலு மாசம்."

கூட வந்திருந்த மனைவிக்கு இதுதான் பொறுக்கவில்லை. "வீட்டு உபயோகமா? ஊர்ச் சுவரையெல்லாம் கட்டுற ஆளு, வீட்ல ஒரு ஆணி அடிச்சிருப்பாராம்மா இவரு?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் பணிப்பதிவேட்டு அலுவலகத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே ஒரு பெருமூச்சும் விட்டார். அந்தப் பெருமூச்சின் அர்த்தம் கொத்தனாருக்கு மறுநாள் புரிந்தது.

பணிப்பதிவேட்டு அலுவலகம் நாலு மாடி. வாசலில் பித்தளைத் தகட்டில் 'பதிவேடு தவறாது' என்று பொறித்திருந்தார்கள். உள்ளே தரையோடு திருகி வைத்த பெஞ்சுகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பேனா, நூலில் கட்டியது. நூல் நீளத்துக்கு மட்டும்தான் எழுத்து. மணிக்கு ஒருதரம் ஒரு மணியடிக்கும். உடனே பச்சைத் துணி போர்த்திய பதிவேடு தள்ளுவண்டியில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும். அப்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கால் இல்லாதவர்களைத் தூக்கி நிறுத்துவதற்கென்று இரண்டு ஆட்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் சுறுசுறுப்பானவர்கள்.

பதிவேடு எதற்காக இப்படி அறைக்கு அறை போகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார் கொத்தனார். "தெரியல. நான் வந்து மூணு வருஷம்தான் ஆவுது" என்றார் அவர்.

நாலாவது கவுண்டரில் இருந்த எழுத்தர் தாள் புரட்டுவதற்காக விரலில் ஒரு ரப்பர் தொப்பி போட்டிருந்தார். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். ரப்பர் விரல்காரர் என்றுதான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் கொத்தனாரின் பக்கத்தை எடுத்து, குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறவர் மாதிரி மெல்லத் தடவிக் கொடுத்துப் படித்தார்.

"எண் பதினேழு. பதக்கம் இல்லை. காயம் இல்லை. நடத்தை, குறிப்பிடும்படியாக இல்லை. நல்ல சுத்தமான பக்கம் அய்யா. இவ்வளவு வெள்ளையா ஒரு பக்கம் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. இதுல என்ன குறை கண்டீங்க?"

"காயம் இருக்குங்க" என்று கொத்தனார் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டப் போனார்.

ரப்பர் விரல்காரர் பதறிக் கண்ணை மூடிக்கொண்டார். "இங்க காட்டாதீங்க! காயம் பார்க்கிறது மூணாவது மாடி."

"லிப்ட்ல போகலாமா? கால் கொஞ்சம்..."

"தாராளமா. லிப்ட் காயம் பட்டவங்களுக்குத்தானே. காயச் சான்று காட்டிட்டு ஏறுங்க."

"அந்தச் சான்று எங்க தருவாங்க?"

"மூணாவது மாடியில."

கொத்தனார் படியேறினார். அறுபத்தாறு படி. படிக்கு ஒருதரம் இரும்பும் ஒரு எட்டு வைத்தது. மூன்றாவது மாடியில் இருந்தவர் தொடையைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார். "காயம்தான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா பதக்கம் இல்லாத காயத்தை நாங்க எடுத்துக்கிறதில்லை. பதக்கத்தோட வாங்க" என்று கீழே அனுப்பினார். மறுபடியும் அறுபத்தாறு.

மறுநாள் கொத்தனார் பிஸ்கட் டப்பாவோடு போனார். ரப்பர் விரல்காரர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு பதக்கங்களையும் படுக்கப் போட்டு, விளிம்பைச் சுரண்டினார். காய்ந்துபோன பாலிஷ் பசை பொருக்காக உதிர்ந்தது. அடியில் பொடிப்பொடியாக எண் தெரிந்தது.

"நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க பதினேழு."

கொத்தனார் வாய் பிளந்தார். நாற்பது வயதுக்கு மேல்தான் அவர் எழுத்துக் கூட்டப் படித்தவர். சுவர் விளம்பரம், பஸ் பலகை, சிமெண்டு மூட்டை எல்லாம் படிப்பார். தன் பதக்கத்தின் விளிம்பைப் படிக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. நாற்பத்தொன்று யார் என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் பிரிவில் முடிவெட்டிக்கொண்டிருந்த சலூன்காரர்.

வாளி ஞாபகம் வந்தது.

அந்தப் பிரிவில் ஒன்பது பேர். ஒரே பாலம், ஒரே குண்டு, ஒன்பது பேருக்கும் ஆளுக்கு இரண்டு பதக்கம். ஜெனரல் பார்வையிட வருவதற்கு முதல் நாள், பதக்கமெல்லாம் ஒரே மாதிரி மின்ன வேண்டும் என்று பிரிவுத் தலைவர் உத்தரவு போட்டார். தனித்தனியாகத் தேய்த்தால் ஒருத்தனுடையது கூட மின்னும், ஒருத்தனுடையது குறைய மின்னும். ஆகவே பதினெட்டையும் ஒரே வாளியில் கொட்டி, பாலிஷ் பசையை ஊற்றி, பருப்புக் கழுவுகிற மாதிரி அலசினார்கள். பிறகு கைக்கு வந்ததை எடுத்து ஆளுக்கு இரண்டு குத்திக்கொண்டார்கள். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. ஜெனரல் மின்னுவதை மட்டும் பார்த்தார், மெச்சினார், போனார்.

"வாளியில..." என்று கொத்தனார் ஆரம்பித்தார்.

"வாளியெல்லாம் எங்க வரம்புல வராது. இங்க என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க." ரப்பர் விரல்காரர் பக்கத்தின் அடியில் இருந்த சிவப்பு மையைப் படித்தார். "'பதக்கச் சரிபார்ப்பு நாளில் விளிம்பு எண் பதினேழு காட்டப்படவில்லை. ஆகவே பதக்கம் வழங்கப்படவில்லை எனக் கொள்க. பதக்கம் வழங்கப்படாததால் காயம் ஏற்படவில்லை எனக் கொள்க.' எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாருங்க. அந்தக் காலத்து ஆளுங்க."

"காயம் ஏற்பட்டதுங்க. நான்தானே அங்க இருந்தேன்?"

"நீங்க இருந்தீங்க, அய்யா. பதிவேடு இருந்துச்சா? இல்ல. அப்ப எதை நம்புறது?" இதைச் சொல்லிவிட்டுப் பதக்கங்களைத் தன் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "இது உங்களோடது இல்லன்னு ஆயிடுச்சு. அடுத்தவர் பதக்கத்தை வெச்சிருக்கிறது குற்றம். பயப்படாதீங்க, உங்களைப் பிடிக்கல. பதக்கத்தைத்தான் பிடிச்சிருக்கோம்."

பதக்கம் தேடிப் போன மனுஷர் கையில் ஒரு காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "நல்லவேளை, தொடையைப் பூட்டி வைக்கல" என்றாள்.

சலூன்காரர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். குண்டு அவருடைய இடது காதின் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு போயிருந்தது. கொத்தனாரைக் கண்டதும் கையில் இருந்த தலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"வாடா கொத்து! என்னடா இப்படி நொண்டுற?"

கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு கொத்தனாரின் காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உன்னோட ரெண்டும் அந்த டிரம் அடிக்கிறவன் கைக்குப் போயிருக்கும்டா. சரிபார்ப்பு அன்னைக்கு அவன் லீவுலதானே போயிருந்தான்? படகுல போறப்ப பெட்டியோட ஆத்துல விட்டுட்டேன்னு வந்து அழுதானே. சரிபார்க்க வந்தவன் உன் நெஞ்சுல இருந்த நம்பரைப் பார்த்து என் பக்கத்தை நிரப்பியிருக்கான் பாரு. நான் வந்து சொல்றேன். அம்பது பேருக்கு முன்னாடி சொல்றேன். நட."

சொல்வதற்கு முப்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அவசரம் என்று கெஞ்சியதால் முப்பது. இல்லாவிட்டால் தொண்ணூறாம். அதற்குள் கொத்தனாருக்குக் குதிகால் மரத்துப்போய்விட்டது. செருப்பு கழன்று விழுந்தால்கூட நாலு எட்டு போன பிறகுதான் தெரிந்தது. சாரத்தில் ஏறுகிற வேலையை விட்டார். மனைவி சுவரில் மாட்டிய காலண்டரில் தினம் ஒரு தேதியை அடித்துக்கொண்டு வந்தாள். பென்சில் முனை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்தது.

விசாரணை நாலாவது மாடியில். இயக்குநரே உட்கார்ந்திருந்தார். பெரிய ஆள், பளபளப்பான கன்னம், மடிப்புக் கலையாத சட்டை. அவர் போரைப் பார்த்ததில்லை. ஆனால் போரைப் பற்றிய அத்தனை தாளையும் பார்த்தவர்.

"அய்யா, எனக்குப் பட்டது காதுல. இவனுக்குப் பட்டது தொடையில. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். இவனைத் தூக்கிட்டு ஓடினதே நான்தான்" என்றார் சலூன்காரர்.

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நீங்க உயிரோட இருக்கீங்களே."

"ஆமாங்கய்யா."

"அதுதான் சிக்கல். உயிரோட இருக்கிற சாட்சி நாளைக்கு மாத்திப் பேசலாம். செத்துப் போன சாட்சின்னா எழுதிக் குடுத்ததோட நிக்கும். உங்க பிரிவுல செத்தவங்க யாராவது இதைப் பத்தி எழுதிக் குடுத்திருக்காங்களா?"

"செத்தப்புறமா, முன்னாடியாங்கய்யா?" என்று சலூன்காரர் கேட்டார்.

ரப்பர் விரல்காரர் கேள்வியை எழுதிக்கொண்டார்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். பேசப் போகிறார் என்று தெரிந்ததும் ஒருவர் மின்விசிறியின் சத்தத்தைக் குறைத்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. மனுஷன் மறப்பான். கிழடாவான். இடம் மாறுவான். எழுதின இடத்துலயே நிக்கிறது பதிவேடு ஒண்ணுதான். இந்த நாற்காலிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இது வரைக்கும் ஒரே ஒரு திருத்தம்கூட நான் பண்ணினதில்ல. அதனாலதான் தப்பே நடக்காத அலுவலகம்னு எங்களுக்கு ஏழு தடவை விருது குடுத்திருக்காங்க."

"அந்த விருதெல்லாம் பதிவேட்டுல ஏத்தியாச்சுங்களா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"அன்னன்னிக்கே ஏத்திடுவோம்" என்றார் இயக்குநர் பெருமையாக.

கொத்தனார் எழுந்து நின்றார். நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அய்யா, எனக்குப் பதக்கம் வேணாம். பெருமையும் வேணாம். காலை வெட்டிடுவேன்னு சொல்றாங்க. நான் சுவர் கட்டிப் பிழைக்கிறவன். ஏதாவது ஒரு வழி சொல்லுங்க."

இயக்குநரின் முகம் இளகியது. அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். "வழி இருக்கு. பதிவேட்டைத் திருத்த முடியாது. ஆளைத் திருத்தலாம்."

ஆள் திருத்தப் படிவம் ஒற்றைத் தாள்தான். கொத்தனார் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'மேற்படி நபர் இதுநாள்வரை தன்னை எண் பதினேழு என்று தவறாகக் கருதி வந்ததற்கு வருந்துகிறார். இன்று முதல் தான் எண் நாற்பத்தொன்று என்பதை மகிழ்ச்சியுடன் ஏற்கிறார்.' எண் நாற்பத்தொன்றுக்குப் பதக்கம் இருக்கிறது, காயம் இருக்கிறது, ஆகவே படுக்கையும் இருக்கிறது. சலூன்காரருக்கும் அதே மாதிரி ஒரு தாள். அவர் பதினேழு ஆக வேண்டும்.

"நான் நீயா இருந்துட்டுப் போறேன்டா" என்று சலூன்காரர் பேனாவை இழுத்தார். நூல் எட்டாததால் குனிந்து கையெழுத்துப் போட்டார். "உன் வீட்டம்மா மட்டும் என்கிட்ட வந்து சண்டை போடாம இருந்தாச் சரி."

"பதிவேட்டுல யார் மாறினாலும் நான் சண்டை போடற ஆளை மாத்த மாட்டேண்ணே" என்றாள் கூடவே வந்திருந்த மனைவி. பிறகு கொத்தனாரிடம் குரலைத் தாழ்த்தினாள். "போடுங்க. நம்பர் போனா போகட்டும். கால் வேணும்."

கொத்தனார் போட்டார்.

போர்க்காய வார்டில் ஜன்னலோரமாகப் படுக்கை கிடைத்தது. வெள்ளை விரிப்பு, இரும்புக் கட்டில், தலைமாட்டில் அட்டை. அட்டையில் 'எண் 41. தொழில்: முடிதிருத்துதல். காயம்: இடது காது' என்று எழுதியிருந்தது. தினமும் காலையில் ஒரு நர்ஸ் வந்து, நன்றாக இருந்த அவருடைய இடது காதுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டுப் போனாள். டாக்டரம்மா மாலையில் வந்து தொடையைத் தொட்டுப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், பல்லைக் கடிப்பார்.

"காதுல காயம்னு எழுதின ஆளோட தொடையில நான் கத்தி வெச்சா, அடுத்த நாள் என்னையே திருத்திடுவாங்க. தொடையைச் சேர்க்கச் சொல்லி நாலு தடவை எழுதிட்டேன். பதில் வரல."

வார்டில் இன்னொரு விதியும் இருந்தது. கை அசைகிறவர்கள் தங்கள் தொழிலை வார்டுக்குச் செய்ய வேண்டும். தையல்காரர் தலையணை உறை தைத்தார். தோட்டக்காரர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். எண் நாற்பத்தொன்றின் கையில் ஒரு சவரக் கத்தியைக் கொடுத்தார்கள். கத்திக்கும் ஒரு எண் இருந்தது. பதிவான முடிதிருத்துநர் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

கொத்தனாருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அதையே செய்தார். கன்னத்தில் முதலில் தண்ணீர் அடித்து ஊறவைத்தார். நுரையைக் கலவை மாதிரி கெட்டியாகக் குழைத்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் பூசினார். ஒற்றைக் கண்ணை மூடி, மீசையின் இரண்டு முனையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார். அதுவரை எல்லாம் பிரமாதம். சுரண்டும்போதுதான் தொல்லை. ஒரு வாரத்தில் வார்டு முழுக்கத் தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "போர்லகூட எனக்கு இவ்வளவு படல" என்றார் ஒரு கேப்டன்.

தினமும் எட்டு மணி நேரம் நின்றார். மரத்துப்போனது குதிகாலிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. டாக்டரம்மா வைத்த கெடுவுக்கு, வீட்டுக் காலண்டரில் அடிக்காமல் மூன்றே தேதிதான் மிச்சம் இருந்தது.

அந்த மூன்றில் முதல் நாள் காலையில் இயக்குநர் வார்டைப் பார்வையிட வந்தார். பின்னால் ரப்பர் விரல்காரர், தள்ளுவண்டியில் பதிவேடு. மனைவியும் சலூன்காரரும் சாப்பாட்டுப் பையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். இயக்குநர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்து, கொத்தனாரைக் கண்டதும் மலர்ந்தார்.

"ஆள் திருத்தம் பண்ணினோமே, அவர்தானே? பாருங்க, எவ்வளவு பொருத்தமா இருக்கார்! எனக்கும் ஒரு சவரம் பண்ணிவிடுங்க. பதிவேட்டுல போட்டிருக்கிற அனுபவத்தை நானும் பார்க்கிறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு கட்டப்பட்டது. கொத்தனார் தண்ணீர் அடித்தார், பூசினார், ஒரு கன்னத்தை முடித்தார். தாடையைத் தூக்கி, கழுத்தில் கத்தியை வைத்தார்.

இடது காலில் உயிர் போயிற்று.

வலி இல்லை. கால் இருந்த இடத்தில் கால் இல்லை, அவ்வளவுதான். உடம்பு மொத்தமும் வலது காலிலும், இயக்குநரின் தலையைப் பிடித்த இடது கையிலும் நின்றது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கத்தி முன்னால் போகும் என்று முப்பது வருஷம் சாரத்தில் நின்றவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அய்யா, அசையாதீங்க" என்றார் மெதுவாக.

"ஏன்?"

"எனக்குக் கால் செத்துப்போச்சு. நான் அசைஞ்சா விழுந்துடுவேன். விழுந்தா கத்தியும் விழும். நான் அசைய மாட்டேன். நீங்களும் அசையாதீங்க."

இயக்குநர் அசையவில்லை. கண் மட்டும் இடமும் வலமும் போயிற்று. "யாராவது கத்தியை வாங்குங்க" என்றார், உதடு அசையாமல்.

வார்டு பணியாளர் இரண்டு எட்டு வந்து, சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். "பதிவான முடிதிருத்துநர் தவிர யாரும் தொடக் கூடாதுங்க, அய்யா."

"நான் வாங்குறேன். முப்பது வருஷமா இதுதான் என் வேலை" என்று சலூன்காரர் பையைக் கீழே வைத்தார்.

ரப்பர் விரல்காரர் அவசரமாகப் பதிவேட்டைப் புரட்டினார். "எண் பதினேழு. தொழில், கொத்து வேலை. நீங்க தொடக் கூடாதுங்க."

"அவன் சலூன்காரன்யா!" என்று இயக்குநர் நுரைக்குள்ளிருந்து சீறினார். "பதிவேடு தப்பு! தப்பா எழுதியிருக்கு!"

ரப்பர் விரல்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்காத வார்த்தை. கடமை தவறாத மனிதர் என்பதால் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "அப்படின்னா ஆட்சேபப் படிவம் தரேங்க, அய்யா. பூர்த்தி பண்ணிக் குடுங்க. உங்களுக்குங்கிறதால முப்பது நாள்ல தேதி போட்டுடலாம்."

இந்த நேரத்தில்தான் டாக்டரம்மா வந்தார். கத்தியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கொத்தனாரின் கால் நிறத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பரபரப்பு ஒன்றும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நின்றபடியே நாலு வரி எழுதினார்.

"அய்யா, உங்க கழுத்துக்கு ஆபத்து இருக்கு. ஆபத்துக்குக் காரணம் ஒரு இரும்பு. அதை எடுக்க உங்க உத்தரவு வேணும்."

"எடு! எந்த இரும்பையாவது எடு!"

"இங்க ஒரு கையெழுத்து. கை ஆடாமப் போடுங்க. கை ஆடினா கழுத்தும் ஆடும்."

இயக்குநர் படிக்காமல் போட்டார். கடந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் படிக்காமல் போட்ட முதல் கையெழுத்து என்று அவரே பிற்பாடு சொல்லிக்கொண்டார். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். கையெழுத்து விழுந்ததும் டாக்டரம்மா கண்ணைக் காட்டினார். இரண்டு ஆட்கள் பின்னாலிருந்து கொத்தனாரைச் சிலையைத் தூக்குகிற மாதிரி நின்ற வாக்கில் தூக்கினார்கள். கத்தி கழுத்தை விட்டு மேலே போயிற்று. தூக்கியவர்கள் கீழே இறக்காமல் அப்படியே அறுவை அறைக்குள் கொண்டுபோனார்கள்.

பிற்பகலில் இரும்பு வெளியே வந்துவிட்டது. ஒரு கடைவாய்ப் பல் அளவு. டாக்டரம்மா அதை ஒரு கிண்ணத்தில் போட்டு மனைவியிடம் காட்டினார். மனைவி அதைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கால் பிழைத்தது.

மாலையில் ரப்பர் விரல்காரர் அறுவையைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். எண் நாற்பத்தொன்றுக்குக் காயம் காதில். காதிலிருந்து இரும்பு எதுவும் எடுக்கவில்லை. எண் பதினேழுக்குக் காயமே இல்லை. ஆனால் ஒரு இரும்பு எடுக்கப்பட்டிருக்கிறது, கிண்ணத்தில் கிடக்கிறது, அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். உத்தரவைப் படித்தார். அதில் இருந்த ஒரே உடம்பு இயக்குநருடைய கழுத்து. ஆகவே ரப்பர் விரலால் பக்கத்தை நீவிவிட்டு, 'இயக்குநர். காயம்: கழுத்து. எடுத்த இரும்பு: ஒன்று' என்று எழுதி மையை ஊதி உலர்த்தினார்.

மறுநாள் இயக்குநர் அதைப் படித்தார். கையால் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பதிவேட்டுல இருக்குன்னா" என்று கடைசியில் சொன்னார், "சரியாத்தான் இருக்கும்."

அடுத்த மாதம் அவருக்குக் காயப் பதக்கம் குத்தினார்கள். கொத்தனார் நாலாவது கவுண்டருக்குப் போய், தன் பழைய எண்ணைத் திருப்பிக் கேட்டார். ரப்பர் விரல்காரர் அன்பாகத்தான் பதில் சொன்னார். திரும்பத் தருவதற்கு இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். போரில் காயம் பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து சவரம் செய்ய ஆள் உண்டு. கழுத்தில் பட்டவர் என்பதால் இயக்குநருக்கு அது தினமும் உண்டு. பதிவேட்டில் காலியாக இருக்கிற முடிதிருத்துநர் நாற்பத்தொன்றுதான். "வரலைன்னா படையை விட்டு ஓடினதா ஏறிடும், அய்யா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்போது கொத்தனாருக்குக் கால் நன்றாக இருக்கிறது. நொண்டல் துளி இல்லை. அந்தக் காலோடு காலை ஏழு மணிக்கு இயக்குநர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். சுவர் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில் அவரைத் தாண்டிப் போகிறார்கள். இயக்குநர் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் போர்க் கதை ஆரம்பமாகும். குண்டு வெடித்தது, புகை வந்தது, இரும்பு புகுந்தது, தான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது எல்லாம் சொல்லுவார். கொத்தனார் குறுக்கே பேசாமல் பூசிச் சுரண்டுவார்.

ஒருநாள் மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்கு எந்தப் பக்கம் அய்யா வலிச்சுது? இடதா, வலதா?"

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். நுரை காய்ந்து இழுக்கிறவரைக்கும் யோசித்தார்.

"ஆபீஸுக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.